நெல்லைப் பக்கம் ஒரு கூடைப்பந்துக் களம்: மைதானத்துப் பழக்கத்தை ஆதரவாக மாற்றுவது எப்படி

பாளையங்கோட்டையில் படித்தவர்களுக்குக் கூடைப்பந்து புதிதல்ல. பழைய பள்ளிகளும் கல்லூரிகளும் அடுத்தடுத்து இருக்கிற ஊர் அது. அங்கிருந்து சேரன்மகாதேவி, நாங்குநேரி, திசையன்விளை என்று எந்தப் பக்கம் போனாலும் கபடி இருக்கும், வாலிபால் நெட் கட்டியிருக்கும், கிரிக்கெட்டைச் சொல்லவே வேண்டாம். கூடைப்பந்து போடும் ரிங் மட்டும் அபூர்வமாகத்தான் கண்ணில் படும்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு களம் அமைக்க நினைத்தால், உதவிக்கு வரப்போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கூடைப்பந்தைத் தொட்டுப் பார்க்காதவர்களாகத்தான் இருப்பார்கள். கபடி ஆடுகிறவர், வாலிபால் செட்டு, காலையில் அண்ணா விளையாட்டரங்கத்தில் நடக்க வருகிறவர், கல்லூரி டீமில் நம்மோடு ஆடி இப்போது வளைகுடாவில் வேலை பார்க்கிறவர் என்று எல்லாரும் விளையாட்டு மூலம் பழகிய முகங்கள். இவர்களை ஒரு ரிங்குக்காக எப்படி ஒன்று சேர்ப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

1. கேட்பதற்கு முன் அளவை முடிவு செய்யுங்கள்

“ஊர்ல கூடைப்பந்தை வளர்க்கணும்” என்று சொன்னால் எல்லாரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். “பள்ளிக்கூடத்துக்குப் பின்னால, ஒரே ஒரு ரிங், அரைக் களம், வைகாசிக்குள்ள முடிக்கணும்” என்று சொல்லுங்கள். கேட்கிறவர் மனதில் இடமும் நாளும் உடனே வந்து உட்காரும்.

முழுக் களம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சர்வதேச அளவுப்படி முழுக் களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சுற்றிலும் 2 மீட்டர் காலியிடம் விடவேண்டும். கணக்குப் பார்த்தால் 15 சென்ட் ஆகிறது. கிராமத்தில் பொது இடமாக 15 சென்ட் கேட்டால் அன்றைக்கே எதிர்ப்பு கிளம்பும். பக்கத்துக்கு மூன்று பேர் ஆடுகிற த்ரீ ஆன் த்ரீ ஆட்டத்துக்கு 15 மீட்டர் அகலமும் 11 மீட்டர் நீளமும் போதும். ஒன்றரை மீட்டர் ஓரம் விட்டாலும் 6 சென்ட் சொச்சத்தில் முடிந்துவிடும்.

இது ஏதோ குறைபட்ட ஆட்டம் என்று யாராவது சொன்னால், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து இதற்கும் பதக்கம் உண்டு என்று சொல்லுங்கள். 10 நிமிடம், அல்லது முதலில் 21 புள்ளி எடுக்கிற அணிக்கு வெற்றி. மாற்று ஆட்டக்காரரோடு சேர்த்து நாலு பேர் இருந்தால் ஒரு டீம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பந்துதான்: அளவில் 6, எடையில் 7-ஆம் எண் பந்து மாதிரி. ஆள் பற்றாத, பணம் பற்றாத ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது.

2. ஆட்களை எழுதுங்கள், நெருக்கத்தை அல்ல

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மைதானத்தில் பழகிய ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதுங்கள்: அவரால் எதைத் தரமுடியும், அவரிடம் யார் போய்ப் பேசினால் எடுபடும், எந்தத் தேதிக்குள் கேட்கவேண்டும்.

வழக்கமாக நாம் நெருக்கமானவர்களைத்தான் முதலில் எழுதுவோம். அது அப்படியே இருக்கட்டும், ஆனால் கண் வேறு பக்கம் போகவேண்டும். வாலிபாலில் அடிக்கிற பையன் பகலில் வெல்டிங் பட்டறையில் நிற்கிறான் என்றால் உங்கள் கம்பமும் ரிங்கைத் தாங்கும் போர்டின் சட்டமும் அவன் கையில் இருக்கிறது. கபடி ரெய்டர் ஒருவருடைய அப்பா கொத்தனார். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆட வருகிறவர் கூட்டுறவு வங்கியில் இருக்கிறார், அவருக்குக் கணக்கு எழுதத் தெரியும். விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல்துறைக்கோ ரயில்வேக்கோ போனவர் ஊரில் இருந்தால், பெற்றோர்களிடம் பேச அவரைவிட நல்ல ஆள் கிடையாது. விளையாட்டினால் வேலை கிடைத்தது என்பதை அவர் வந்து நின்றாலே போதும், விளக்கவேண்டியதில்லை.

பெண்களின் பெயரைத் தனியாக ஒரு பக்கம் எழுதுங்கள். பாளையங்கோட்டைப் பள்ளிகளில் ஒருகாலத்தில் ஆடிவிட்டு இப்போது ஊரில் ஆசிரியையாகவோ செவிலியராகவோ இருக்கிற அக்காமார்கள் இருப்பார்கள். யாரும் அவர்களிடம் போய்க் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படி ஒருவர் முன்னணியில் நின்றால் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிற வீடுகளும் அனுப்பும். சென்னையில் வளர்ந்து இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய அனிதா பால்துரைக்கு 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இந்தச் செய்தி ஊரில் பல பேருக்குத் தெரியாது. சொல்லுங்கள்.

3. முதல் ஆள் பி.டி. மாஸ்டர்

இடம் பள்ளி வளாகமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதலில் பார்க்கவேண்டியவர் உடற்கல்வி ஆசிரியர்தான். அவருக்குத் தெரியாமல் நாலு பேரிடம் பேசிவிட்டு அப்புறம் அவரிடம் போனால் காரியம் கெடும். தன்னைக் கேட்காமல் ஒரு விளையாட்டுக் காரியம் ஊரில் கிளம்பிவிட்டதே என்கிற வருத்தம் நியாயமானது, அதை ஏற்படுத்தவே கூடாது.

அவரிடம் திட்டத்தை முடித்து வைத்துக்கொண்டு போகாதீர்கள். பாதியில் போங்கள்.

“மாஸ்டர், ஸ்கூலுக்குப் பின்னால ஒரு ரிங் போடலாம்னு நெனைக்கோம். எந்த இடம் சரியா இருக்கும்னு நீங்கதான் சொல்லணும்.”

“இதுக்கு முன்னால ரெண்டு பேரு வந்து கேட்டாங்க தம்பி. அப்புறம் ஆளையே காணோம்.”

“சரி மாஸ்டர். இடத்தை மட்டும் இன்னைக்கு அளந்துக்கிடுதோம். மத்ததை அடுத்த சனிக்கிழமை வந்து பேசுதோம்.”

அடுத்த சனிக்கிழமை கண்டிப்பாகப் போகவேண்டும். அவர் உங்களை எடைபோடுவது அந்த ஒரு சனிக்கிழமையில்தான். அவர் உங்களோடு நின்றால் தலைமை ஆசிரியரின் அனுமதி, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம், முதலமைச்சர் கோப்பைக்குப் பிள்ளைகளைப் பதிவது ஆகியவற்றுக்கெல்லாம் வழி திறக்கும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கூடைப்பந்தும் உண்டு. ஆகவே ஒரு ரிங் வந்தால் தன் மாணவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

4. கபடி, வாலிபால் செட்டுகளிடம் நேரில் போங்கள்

இந்த வழிகாட்டியில் எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

ஒரு மைதானத்தில் ஏற்கெனவே ஆடுகிறவர்களுக்கு அந்த மண்ணோடு உரிமை இருக்கிறது. காகிதத்தில் பஞ்சாயத்து இடமாக இருக்கலாம். ஆனால் வருஷக்கணக்காகக் கல் பொறுக்கி, மண் கொட்டி, நெட் கட்டினவர்கள் அவர்கள். சிமெண்டுத் தளம் என்ற பேச்சு எழுந்ததுமே அவர்களுக்கு வருகிற முதல் சந்தேகம், நம்ம இடம் போயிருமோ என்பது. அந்தச் சந்தேகத்தை மூன்றாம் ஆள் போய்க் கிளறிவிடுவதற்கு முன்னால் நீங்கள் போங்கள். மாலையில் ஆட்டம் முடிந்து உட்கார்ந்திருக்கும் நேரம்தான் சரியான நேரம். ஆட்டத்துக்கு நடுவே போகக் கூடாது.

போகும்போது கையில் ஒரு படம் இருக்கட்டும். மைதானத்தை அளந்து, கபடிக் களம் இங்கே, வாலிபால் இங்கே, ரிங் இந்த மூலையில் என்று வரைந்து கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர்கள் மாற்றச் சொன்னால் அங்கேயே பேனா எடுத்து மாற்றுங்கள். விளக்குக் கம்பம் வைக்கப்போகிறீர்கள் என்றால் அந்த வெளிச்சம் அவர்கள் பக்கமும் விழுகிற மாதிரி நிறுத்தலாம் என்று சொல்லுங்கள். ஒரே கம்பத்தில் இரண்டு பக்கமும் விளக்கு என்பது எல்லாருக்கும் லாபமான விஷயம், செலவும் பெரிதாக ஏறாது. அவர்களுடைய போட்டி நடக்கும் நாட்களில் உங்கள் ஆட்கள் வந்து நாற்காலி போடுவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு, முதல் போட்டியிலேயே அதைச் செய்துகாட்டுங்கள்.

வாலிபால் ஆடுகிறவர்களுக்கு ரிங்கில் சீக்கிரம் ஆர்வம் வந்துவிடும். உயரம், தாவல், பந்தின் மேல் கை எல்லாம் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. கபடிக்காரர்களின் கால்வேகமும் இடுப்பு வளைவும் தடுப்பாட்டத்துக்கு அப்படியே பொருந்தும். முதல் வாரத்தில் அவர்களில் நாலு பேரையாவது ஆட வைத்துவிட்டால் அப்புறம் அவர்களே உங்களுக்காகப் பேசுவார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயத்தை நம் பக்கத்தில் ஒளிவுமறைவில்லாமல் பேசவேண்டும். இங்கே பல டீம்கள் தெரு வாரியாக, சாதி வாரியாகத்தான் உருவாகின்றன. ஜெர்சியின் நிறமும் டீமின் பெயருமே யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்லிவிடும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் சாதிப் பகையில் ஒரு மாணவரை வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கவேண்டும் என்று 2024-இல் தந்த அறிக்கையில் பரிந்துரைத்தது. இந்த மண்ணில் ஒரு களம் போடுகிறவர் இதைத் தெரிந்துதான் தொடங்கவேண்டும்.

ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே எந்தத் தெருப் பிள்ளையும் தயங்காமல் நடந்து வரக்கூடிய இடமா என்று பாருங்கள். பெரும்பாலும் பள்ளி வளாகம்தான் அப்படி இருக்கும். ஜெர்சிக்கு யாருடைய கொடியிலும் இல்லாத நிறத்தை எடுங்கள். டீமுக்கு ஊர்ப் பெயர் மட்டும் போதும். பயிற்சியில் செட்டுப் பிரிக்கும்போது பி.டி. மாஸ்டரோ அக்காவோ எண்ணிப் பிரிக்கட்டும், பிள்ளைகளே ஆள் எடுக்க வேண்டாம். நன்கொடை தருகிறவர் இதற்கு ஒத்துவரவில்லை என்றால் அந்தப் பணம் வேண்டாம். எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும் வேண்டாம்.

5. எப்படிக் கேட்பது

வாட்ஸ்அப் குழுவைத் திறந்து முந்நூறு பேரைச் சேர்த்து “ஆதரவு தாரீர்” என்று போட்டால் கைகூப்பும் படங்கள்தான் வரும். குழு கடைசியில் வரட்டும். முதலில் நேரில், முடியாவிட்டால் போனில், ஒவ்வொருவராகக் கேளுங்கள்.

நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்வதில்லை. “பாப்போம்”, “செஞ்சிருவோம்” என்பார்கள். அது சம்மதம் ஆகிவிடாது. தேதியும் பொருளும் அவர் வாயிலிருந்து வந்தால்தான் சம்மதம். அதனால் கேள்வியே சின்னதாக, முடிக்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

“அண்ணாச்சி, கம்பத்துக்குக் கீழ குழி தோண்ட வார ஞாயித்துக்கிழமை காலைல ரெண்டு மணி நேரம் வருவியளா?” என்று கேளுங்கள். “எல்லா உதவியும் செய்யணும்” என்று கேட்டால் எதுவுமே கிடைக்காது. வெளியூரில் இருப்பவருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்:

“அண்ணே, வணக்கம். பள்ளிக்கூடத்துல ஒரு ரிங் போடப் போறோம். பி.டி. மாஸ்டர் இடம் குறிச்சுக் கொடுத்துட்டாங்க, படம் அனுப்பியிருக்கேன். வெல்டிங் கூலி வேண்டாம்னு நம்ம வாலிபால் செட்டுல சொல்லிட்டாங்க. இரும்புக்குத்தான் தேவை. பட்டறைக்காரர் கொடுத்த விலைச்சீட்டும் கூடவே இருக்கு. அதுல எந்த வரி உங்களுக்குத் தோதோ அதை மட்டும் சொல்லுங்க, பணத்தை நேரா கடைக்கே அனுப்பிரலாம்.”

அவரிடம் வருவதற்கு முன்பே யாரோ சிலர் ஏதோ தந்துவிட்டார்கள் என்பதும், அவருடைய பணம் எந்தப் பொருளாக மாறும் என்பதும் அதில் தெரிகிறது. தூரத்தில் இருக்கிறவருக்கு இந்த இரண்டும்தான் தைரியம் தரும்.

நேரில் சேர்க்கச் சிறந்த காலம் பொங்கல். சென்னை, பெங்களூரு என்று போனவர்கள் ஊரில் இருப்பார்கள், விளையாட்டுப் போட்டியும் நடக்கும். பிசான நெல் அறுவடை, ஆடி மாதக் கோயில் கொடை நாட்களில் யாரையும் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள்.

6. பணம் கேட்கும் முன் ஆட்டத்தைக் காட்டுங்கள்

நம் பக்கத்துக் கிராமங்களில் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் இருக்கும். அறுவடை இல்லாத மாதங்களில் அது வெறுமனே கிடக்கும். பஞ்சாயத்திலும் விவசாயிகளிடமும் சொல்லிவிட்டு, ஒரு மாதம் அங்கே பயிற்சி நடத்துங்கள். ரிங் இல்லாமலே பந்தைத் தட்டி ஓடுவது, பாஸ், கால் நகர்வு எல்லாம் சொல்லிக்கொடுக்கலாம். சக்கரம் வைத்த ஒரு தற்காலிக ஸ்டாண்டை வெல்டிங் பட்டறையில் செய்துகொண்டால் இன்னும் நல்லது. சின்னப் பிள்ளைகளுக்கு ரிங்கை 2.60 மீட்டரில் வையுங்கள், மினி பாஸ்கெட்பாலுக்கு அதுதான் உயரம். பெரியவர்களுக்கான 3.05 மீட்டரில் வைத்தால் பந்து எட்டாமல் இரண்டே நாளில் வராமல் போவார்கள்.

நாற்பது பிள்ளைகள் மாலையில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தவரிடம் நன்கொடை கேட்பதற்கும், காகிதத்தை நீட்டிக் கேட்பதற்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரிது. பெண் பிள்ளைகளுக்கு நேரத்தை முதல் நாளிலேயே ஒதுக்கிவிடுங்கள். பள்ளி விட்டதும் அவர்கள், இருட்டும் நேரத்தில் பையன்கள் என்று வைத்தால் வீட்டிலும் ஒத்துக்கொள்வார்கள்.

7. பணம் வரும் வழிகள்

முதல் வழி பொருள். சிமெண்டு மூட்டை, ஜல்லி, குழாய், பெயின்ட் என்று பிரித்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் தேடுங்கள். விலைக்கு மூன்று கடைகளில் எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, அரசு. தமிழ்நாடு அரசின் நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தரும். இடமும் வேலையும் திட்டத்துக்குள் வருமா என்பதை ஒன்றிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பஞ்சாயத்து இடம் என்றால் கிராம சபைத் தீர்மானம் வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை கூடும் நாட்கள். அன்றைக்குக் கபடி, வாலிபால் செட்டுகளும் வந்து உங்கள் பக்கம் கைதூக்கவேண்டும். நான்காவது படியில் சொன்னதைச் சரியாகச் செய்திருந்தால் தூக்குவார்கள். அரசுப் பள்ளி என்றால் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்கிற அரசுத் திட்டம் வழியாகவும் நன்கொடை தரலாம். வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்களுக்கு அது வசதி. மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பாளையங்கோட்டையில் போய்ப் பாருங்கள். பந்தோ பயிற்சியாளரோ கிடைக்கிற வழியை அவர் சொல்லமுடியும்.

மூன்றாவது, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. கூடங்குளம் அணுமின் நிலையம், கங்கைகொண்டான் சிப்காட், ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகள் என்று நம் மாவட்டத்தில் கேட்க இடம் உண்டு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, கிராமப்புற விளையாட்டுக்கான பயிற்சியைத்தான் குறிப்பிடுகிறது. ஆகவே விண்ணப்பத்தில் பயிற்சியை முன்னால் எழுதுங்கள், தளத்தை அதற்குத் தேவையானதாக எழுதுங்கள். பணத்தை வாங்குகிற அமைப்பு, இந்த நிதியைப் பெறுவதற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு பெற்றிருக்கவேண்டும். உங்கள் செட்டிடம் அது இருக்காது. பதிவு பெற்ற ஓர் அறக்கட்டளையோ முன்னாள் மாணவர் சங்கமோ நட்பு வட்டத்தில் இருக்கிறதா என்று நோட்டைப் புரட்டுங்கள்.

கணக்கில் மட்டும் தாட்சண்யம் கூடாது. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கமுடிகிற வங்கிக் கணக்கு, எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம், மாதம் ஒருமுறை மைதானத்திலேயே வரவு செலவை வாசிப்பது என்று இந்த மூன்றும் இருக்கட்டும். கொடைக்கு வரி பிரித்து, முடிந்ததும் கணக்குக் கேட்டுப் பழகிய ஊர் இது. கேள்வி வரும், வரவேண்டும். ஐம்பது ரூபாய் தந்தவர் பெயரும் ஐயாயிரம் தந்தவர் பெயரும் ஒரே எழுத்து அளவில் பலகையில் வரட்டும்.

8. கட்டும்போது கூட்டாளிகளுக்கு வேலை கொடுங்கள்

ரிங் வடக்கிலோ தெற்கிலோ இருக்கவேண்டும். மேற்கில் வைத்தால் சாயங்கால வெயில் எறிகிறவர் கண்ணில் அடிக்கும். ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாக ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அடிக்கிற காற்றையும் மறக்கக் கூடாது. வள்ளியூர், ராதாபுரம் பக்கம் அந்தக் காற்றில் பந்து வளைந்துபோகும். பள்ளிக் கட்டடமோ வேப்ப மர வரிசையோ மேற்கே மறைப்பாக இருக்கிற இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

போர்டு 1.80 மீட்டர் அகலம், 1.05 மீட்டர் உயரம். அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து 2.90 மீட்டரில் நிற்கும். போர்டு எல்லைக் கோட்டிலிருந்து 1.20 மீட்டர் உள்ளே நீட்டியிருக்கவேண்டும், கம்பம் கோட்டுக்கு வெளியே தள்ளி இருக்கவேண்டும். வெல்டிங் செய்கிற தம்பியிடம் இதைப் படம் வரைந்தே கொடுங்கள். கம்பத்தைக் கோட்டின் மேலேயே நட்டுவிட்டால் ஓடிவந்து தாவிப் பந்தைப் போடுகிற (லே-அப்) பிள்ளையின் முகம் அதில் மோதும். கம்பத்தைச் சுற்றி மெத்தை கட்டுவதையும் தள்ளிப்போடாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கான்கிரீட்டை முடித்துவிடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரை பட்ட பாடு எல்லாருக்கும் நினைவிருக்கும். தண்ணீர் வடிய ஒரு பக்கம் லேசான சரிவு வேண்டும். தளம் போட்ட பிறகு குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், தண்ணீர் விட்டு ஈரம் காயாமல் வைக்கவேண்டும். இந்த வேலைக்கு முறை போட்டு எழுதுங்கள்: திங்கள் கபடி செட்டு, செவ்வாய் வாலிபால், புதன் பள்ளிப் பிள்ளைகள். குடம் சுமந்து தண்ணீர் ஊற்றினவன் அந்தத் தளத்தில் பீடி அணைக்க விடமாட்டான், பாட்டில் உடைக்கவும் விடமாட்டான்.

9. திறப்புக்குப் பிறகு

முதல் போட்டியைக் கலப்பு அணிகளாக நடத்துங்கள். ஒவ்வொரு அணியிலும் ஒரு கபடிக்காரர், ஒரு வாலிபால்காரர், ஒரு பள்ளிப் பிள்ளை, ஒரு பழைய கல்லூரி ஆட்டக்காரர் இருக்கட்டும். நோட்டீசில் உபயதாரர் பெயர்களைப் போடும்போது கூலி வாங்காமல் வெல்டிங் செய்தவர், பயிற்சி நேரத்துக்குத் தண்ணீர்ப் பானை வைத்த வீட்டுக்காரர் பெயர்களும் வரவேண்டும்.

முன்பு “பாப்போம்” என்று சொல்லி நழுவினவர்களையும் நேரில் போய் அழையுங்கள். பழசைக் கிளறவேண்டாம். பந்து ஒன்று வேண்டும், நெட் கிழிந்துவிட்டது என்று சின்னத் தேவைகள் வரும்போது அவர்களில் சிலர் தாமாகவே முன்வருவார்கள்.

அப்புறம் பராமரிப்பு. பந்துகளின் சாவி யாரிடம், விளக்குக்கு மின்கட்டணம் யார் கட்டுவது, எத்தனை மணிக்கு அணைப்பது என்பதை எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் இருக்கும்போது ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, போல்ட்டுகளை முறுக்கி, நெட்டை மாற்றி, கோடுகளுக்குப் புதுப் பெயின்ட் அடித்துவிடுங்கள். அடுத்த வருஷப் பெயின்ட் டப்பா யாருடையது என்பதை அன்றைக்கே கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.